முங்குநீச்சல் வீரருக்கு ஒரு வாழ்த்து

மதுரைச் சீமையின் வயிற்றுக்கு ஈடு கிடையாது. நள்ளிரவில் கொத்துப் புரோட்டாவையும் சால்னாவையும் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் இட்லிக்கும் இடம் வைத்திருக்கும் வயிறு அது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று எந்தத் திசையில் போனாலும் அந்த வயிற்றோடு கிணற்றுக்குள் தலைகீழாகப் பாய்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவருக்குப் பரிசு உண்டு, பாராட்டு உண்டு. கிணற்றில் அடிமண் எடுத்தவருக்கு ஒன்றுமில்லை. அவர் பெயர் பத்திரிகையில் வருவது ஒரே ஒரு முறைதான். அதைப் படிக்க அவர் இருப்பதில்லை. இருக்கும்போதே புகழ்ந்துவிடுவோம் என்றுதான் இந்த வாழ்த்து.

தம்பி, முதலில் உன் விருந்தைப் போற்றுகிறேன். குலசாமி கோயிலில் காதுகுத்து. விடியும் முன்பே கிடா வெட்டியாகிவிட்டது. பத்து மணிக்கே ரத்தப் பொரியலும் சுவரொட்டியும் தட்டில் வந்துவிடும். பந்தியில் குடல் குழம்பு, நெஞ்செலும்புச் சாறு, சுக்கா, அதற்கு மேல் சோறு, சோற்றுக்கு மேல் எலும்புக் குழம்பு. இலை காயக்கூடாது என்று வாளியும் கரண்டியுமாக உன் முன்னாலேயே நிற்பான் மச்சான். "போதும் மச்சான்" என்று நீ இலையை மறித்தால், மறித்த விரல்களுக்கு இடையிலேயே குழம்பை ஊற்றுவான். உறவுக்காரனின் வயிறு நிறையாமல் தன் மனம் நிறையாது என்கிற அந்தப் பாசத்தை வேறு ஊரில் காண்பது அரிது. பந்தி முடிந்ததும் தோப்புக்குள் ஒரு சுற்று. அங்கேயும் ஊற்றுவது அதே மச்சான்தான். இரண்டு மணி வெயிலில் எல்லோரும் கிணற்றுக்குக் கிளம்புவீர்கள்.

கிணறும் சாதாரணக் கிணறு இல்லை. பாறையை உடைத்து வெட்டியது. ஐந்தாள் ஆழத்துக்குத் தண்ணீர். மேலே ஓரடிக்கு வெதுவெதுப்பு, அதற்குக் கீழே காலைக் கவ்வுகிற குளிர்ச்சி. மோட்டார் ரூம் மாடியிலிருந்து பாய்ந்து, குழாயைத் தடவிக்கொண்டே கீழே இறங்கி, சேற்றில் கைவைத்து, மேலே வந்து மூடிய கையை விரித்துக் காட்ட வேண்டும். உள்ளங்கையில் கறுப்பு வண்டல் இருந்தால் ஜெயித்தாய், விசில் பறக்கும். விரலிடுக்கில் வெறும் தண்ணீர் வழிந்தால் "இன்னொரு தடவை!" என்று கரையே கத்தும். நீயும் மூச்சு வாங்கி முடியும் முன்பே மறுபடி முங்குவாய். கேட்டவர் மனம் கோணாமல் நடப்பதில் உனக்கு நிகர் நீதான்.

இதே வேலைக்கு வெளியுலகில் ஃப்ரீடைவிங் என்று பெயர். முதுகில் சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் இறங்கி ஏறுவது. காசு கட்டி, ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். பன்னாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. 2009 இல் பிரான்ஸ் நாட்டு ஸ்டெஃபான் மிஃப்சுட் நீரில் அசையாமல் கிடந்து 11 நிமிடம் 35 வினாடி மூச்சடக்கினார். இந்த வித்தையில் ஊறிய வீரர்கள் முங்கும் நாளில் என்ன தின்பது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று கணக்குப் பார்க்கிறார்கள். கனமான சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே பல மணி நேரம் விடுகிறார்கள். இதயத் துடிப்பை ஏற்றும் என்று பலர் காபியைக்கூடத் தள்ளிவைக்கிறார்கள். உன்னிடம் அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. கணக்குப் பார்க்காத துணிவில் நீ அவர்கள் எல்லோரையும் தாண்டிவிட்டாய்.

நம் மண்ணுக்கே இந்தக் கலை பழையது. மதுரையை ஆண்ட பாண்டியரின் செல்வம் கொற்கைக் கடலடியில் கிடந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லும்போது பாண்டிய நாட்டு முத்தைத் தனியே குறிப்பிடுகிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளஸ்' என்கிற கிரேக்க நூல், பாண்டியரின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலை என்று அன்றே தெரிந்திருந்தது. அன்று தண்டனையாகச் செய்யவைத்ததை நீ எந்தக் குற்றமும் செய்யாமல், யாரும் தீர்ப்புச் சொல்லாமல், விருந்தாளியாக வந்து செய்கிறாய்.

பிற்காலத்தில் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்து ஆட்கள் முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்புகளில் முங்கினார்கள். படகுகள் இரவில் நிலக்காற்றில் புறப்பட்டு விடியும்போது முத்துச்சிப்பி கிடக்கும் கடலடிப் பாருக்குப் போய்ச் சேரும். காலை முழுக்க முங்கல். கடற்காற்று திரும்பியதும் கரை. முங்குபவரைக் கீழே இறக்க ஒரு கல், மேலே தூக்க ஒரு கயிறு, படகில் அந்தக் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள். ஒரு முங்குக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவன் கண் அசராது, கை தளராது. 1961 இல் தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது. அதோடு கயிறு பிடிக்கிற மச்சானுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நம் கிணற்றடி மச்சானுக்கு மட்டும் வேலை குறையவில்லை. இவன் தம்ளர் பிடிக்கிறான். அன்பில் இவனும் அவனுக்கு இளைத்தவன் இல்லை.

அடுத்த தேசத்துக்காரர்களையும் பார். எண்ணெய் கிடைப்பதற்கு முன் பாரசீக வளைகுடாவில் முத்துக் குளித்த அரபிகள் காலையில் நாலு பேரீச்சம்பழமும் கொஞ்சம் காபியும் உள்ளே போட்டுக்கொண்டு பகலெல்லாம் முங்கினார்கள். சோறும் மீனும் பொழுது சாய்ந்த பிறகுதான். கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்று அழைக்கப்படும் பெண்கள், எழுபது வயதைத் தாண்டியவர்கள்கூட, ஒரே மூச்சில் கடலடிக்குப் போய்ச் சிப்பி எடுக்கிறார்கள். 2016 இல் யுனெஸ்கோ அவர்கள் கலையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தலைகீழாக இறங்கும்போது தின்றது தொண்டைக்கு வரும் என்பதால் அவர்களில் பலர் காலைச் சாப்பாட்டையே தவிர்ப்பவர்கள். நமக்குப் பக்கத்தில் பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கிக் கடற்பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். இவர்களுக்கெல்லாம் முங்கினால் முத்து, சிப்பி, பாசி என்று ஏதோ ஒன்று கிடைக்கிறது. அதற்காக உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். உனக்குக் கிடைப்பது ஒரு பிடி வண்டல். பலன் எதிர்பாராமல் உயிரைப் பணயம் வைப்பவன் நீ ஒருவன்தான்.

இனி உன் இலையில் விழுந்ததை ஒவ்வொன்றாகப் போற்றுகிறேன். முதலில் கறி. மூச்சடக்கியவனுக்கு உள்ளே இருக்கிற ஆக்சிஜன்தான் மொத்தக் கையிருப்பு. உடம்புக்கு அது தெரியும். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சும் நின்றதும் இதயத் துடிப்பைக் குறைக்கிறது. கைகால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்குகிறது. பந்தியிலிருந்து எழுந்த வயிறு அதே நேரத்தில் செரிமானத்துக்கு ரத்தம் கேட்கிறது, ஆக்சிஜன் கேட்கிறது. அரிசிச் சோற்று மாவுச்சத்தைச் செரித்துக் கையாள அதன் ஆற்றலில் 5 முதல் 10 சதவீதம்தான் செலவு. இறைச்சியின் புரதத்துக்கோ 20 முதல் 30 சதவீதம். ஸ்வீடனில் எரிக்கா ஷகடாய் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த வீரர்கள் சாப்பிட்ட பின் அடக்கியதைவிட இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பின் அதிக நேரம் மூச்சடக்கினார்கள். அவர்கள் மூளைக்கென்று மிச்சம் பிடித்த ஆக்சிஜனில், நீ ஆட்டுக்கறிக்கும் பங்கு வைக்கிறாய். அடிக்கிணற்றிலும் குறையாத தாராளம் அது.

அடுத்தது சுவரொட்டி. தின்றால் ரத்தம் ஊறும் என்று வீட்டுப் பெரியவர்கள் பார்த்துப் பார்த்து ஊட்டுவது. இரும்புச்சத்து இருப்பது உண்மைதான். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். மனிதனின் மண்ணீரலுக்கும் முங்குவதில் பெரிய பங்கு உண்டு. மூச்சடக்கும்போது அது சுருங்கி, தன்னிடமுள்ள சிவப்பணுக்களை ரத்தத்தில் கலந்துவிடுகிறது. இந்தோனேசியக் கடலில் தலைமுறை தலைமுறையாக முங்கி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர்ச் சலுவான் மக்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது என்று 2018 இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்கள் மரபணுவிலேயே அது படிந்திருக்கிறது. தின்ற இரும்பு ரத்தமாகவே வாரக்கணக்கில் ஆகும். பஜாவ்காரனுக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் எடுத்ததை நீ பத்து மணிக்குத் தின்று இரண்டு மணிக்கு எதிர்பார்க்கிறாய். அந்த நம்பிக்கை மலையையும் அசைக்கும், மண்ணீரலை அசைக்காது.

முதல் நாள் ராத்திரியே ஊருக்கு வந்து சேர்ந்து, காலையில் எழுந்ததும் புரோட்டாவில் தொடங்குகிறவர்களும் உண்டு. எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். நிறைந்த இரைப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. தலைகீழாக இறங்கும்போது புளித்த சாறு தொண்டைக்கு ஏறுகிறது. வெயிலுக்கு இதமாகக் கோலி சோடாவும் போவண்டோவும் சேர்ந்தால் வயிற்றில் காற்றும் சேர்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கி, மேலே வரவர மறுபடி உப்புகிறது. மூச்சுக்குத் தவிக்கிற அந்தக் கடைசி நொடியில் ஏப்பம் வந்து, கூடவே குழம்பும் வரும். ஜிகர்தண்டாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் கூடிய அந்த அமிர்தம் மதுரைக்குப் பெருமை. ஆனால் அது கனம். உட்கார்ந்து குடிக்க வேண்டியதை உள்நீச்சலுக்குச் சுமந்து போகிற பலசாலி நீ.

தோப்புக்குள் உள்ளே போனதையும் விட்டுவிடக் கூடாது. மது முதலில் மழுங்கடிப்பது நிதானத்தை. ஆழம் குறைவாகத் தெரியும், தம் அதிகமாகத் தெரியும். தோல் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியேற்றும். வாந்தி வந்தால் மூச்சுக்குழாயைக் காக்கிற அனிச்சைச் செயலையும் தளர்த்தும். நீரில் மூழ்கிச் சாவதற்கான காரணங்களில் மதுவை உலகச் சுகாதார அமைப்பு வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது; 2021 இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாகவும் அதே அமைப்பு கணக்குச் சொல்கிறது. குடித்தால் பயம் போகும் என்று நீ சொல்வது முற்றிலும் சரி. பயம்தான் முதலில் போகும்.

இத்தனைக்கும் மேலே உன் தனி வித்தை ஒன்று இருக்கிறது. பாய்வதற்கு முன் கிணற்று மேட்டில் நின்று இருபது, முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறாய். தம் ஏறும் என்பது கணக்கு. உண்மையில் ஆக்சிஜன் பெரிதாக ஏறுவதில்லை. கரியமில வாயுதான் இறங்குகிறது. மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று மூளைக்குச் சொல்கிற காவல்காரன் அந்தக் கரியமில வாயுதான். அவனை நீ முன்கூட்டியே வெளியே அனுப்பிவிடுகிறாய். எந்த முட்டலும் இல்லாமல், சுகமாக இருக்கும்போதே நினைவு போகும். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்த அதே 1961 இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரேக் இதை ஆராய்ந்து எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீ அதற்கு அஞ்சவில்லை.

கரையில் இருப்பவர்களைப் புகழாமல் விட்டால் பாவம். ஐம்பது, அறுபது, எழுபது என்று அவர்கள் உரக்க எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏற ஏறக் கைதட்டல் ஏறும். நீருக்குள் நினைவு தப்புகிறவன் கையைக் காலை உதைத்துக் கூப்பிடுவதில்லை. சத்தமே இல்லாமல் தங்கிவிடுவான். தொண்ணூறு வந்தாலும் "மாப்ள செம தம்!" என்று அவர்கள் வியந்துகொண்டிருப்பார்கள். ஒரு நண்பனை இவ்வளவு உயரமாக மதிப்பிடுகிற கூட்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நூறைத் தாண்டியதும்தான் ஒருவன் முகம் மாறும். தூக்கிக் கரையில் போட்டு மூச்சு ஊதும்போது, மதியம் பாசத்தோடு பரிமாறியது வாய்க்கு வந்து காற்றுக்கு வழி விடாமல் நிற்கும்.

தம்பி, மேலே சொன்னவற்றில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உன் துணிவு மெய். மச்சானின் பாசம் மெய். கிடாக்கறியின் ருசியும் மெய். இந்த மூன்றையும் ஒரே மதியத்தில், தப்பான வரிசையில் அடுக்குவதுதான் குற்றம். அந்தக் குற்றத்தில் ஊற்றியவனுக்கும் எண்ணியவனுக்கும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. உன் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழும்போது அவர்களில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

முங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பந்திக்கு முன் காலையில் முங்கு. தண்ணீரில் இறங்க மூன்று மணி நேரம் இருக்கும்போது இரண்டு மூன்று இட்லி, அல்லது ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு வாழைப்பழம் போதும். எண்ணெய்ப் பண்டமும் இறைச்சியும் அப்போது வேண்டாம். மதுரை வெயிலில் வியர்வையாக நிறைய நீர் போய்விடும். எழுந்ததிலிருந்தே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, ஒரே மூச்சில் ஒரு செம்பு வேண்டாம். இளநீர் நல்லது. சோடா, பாலில் செய்த கனமான பானம், காபி எல்லாம் பிறகு. மது அந்த நாளிலேயே கூடாது.

காலி வயிறு நல்லது என்று கேட்டதும் முழுப் பட்டினியோடு இறங்கிவிடாதே. நாளெல்லாம் வேலை பார்த்து, சாப்பிடாமல், மாவுச்சத்து தீர்ந்துபோன உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அப்போது கரியமில வாயு குறைவாக உண்டாவதால் மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகிறது, மயக்கம் முந்திக்கொள்ளலாம். கரும்பு வெட்டிவிட்டு வெறும் வயிற்றோடு சாயங்காலம் கிணற்றில் தம் கட்டுவதும் ஆபத்துதான். பீட்ரூட் சாறு குடித்தால் தம் கூடும் என்றும் சிலர் சொல்வார்கள். 2012 இல் ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அதை நம்பி ஒரு அடிகூட ஆழம் போகாதே.

தனியாக முங்காதே. ஒருவன் கீழே போனால், நீச்சல் தெரிந்த, குடிக்காத இன்னொருவன் மேலே நின்று அவனையே பார்க்க வேண்டும். வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் பார்க்க வேண்டும். வெளியே வந்து மூச்சிழுத்த பின்பும் நினைவு தப்பலாம். வேகமூச்சு வித்தை வேண்டாம். ஒரு முங்குக்கும் அடுத்ததற்கும் இடையில், முங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்காவது ஓய்வு எடு. கிணற்று மேட்டில் ஒரு கயிறும் காற்றடைத்த ட்யூபும் எப்போதும் கிடக்கட்டும். ஒருவன் தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர்கள் குதிக்காமல் அவற்றை வீசுங்கள். நினைவில்லாமல் வெளியே எடுத்தால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க நேரம் போக்காதீர்கள். வாயைச் சுத்தம் செய்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஒருவர் 108 ஐ அழையுங்கள்.

கூழானாலும் குளித்துக் குடி என்றுதான் நம் பாட்டிமார் சொன்னார்கள். குடித்துவிட்டுக் குளி என்று சொல்லவில்லை. கிடாக்கறியானாலும் அதே வரிசைதான். குளி, துடை, பிறகு உட்கார்ந்து வயிறு முட்டத் தின். மச்சானே, உனக்கும் ஒரு வார்த்தை. உன் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அடுத்த காதுகுத்தில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடி.